தள்ளுவதற்கு மட்டும் ஒரு ஜெனரேட்டர்

படகு கரையைத் தொட இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. அங்கிருந்தே பார்த்துவிட்டேன்.

பம்ப் ஷெட் வாசலில் ஒன்றுக்கு இரண்டாக ஜெனரேட்டர்கள் நின்றன. ஒன்று குப்பத்துக்குச் சொந்தமானது. பச்சை நிறம், அங்கங்கே துரு. இன்னொன்று கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போவது. யார் கல்யாணத்திலோ நெற்றியில் வைத்த சந்தனம்கூட இன்னும் உதிரவில்லை. இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டிலிருந்தும் புறப்பட்ட வயர்கள் ஒரே பலகைக்குப் போய், ஒரே கம்பிகளில் முடிந்தன.

படகு ஆடுவதையும் மறந்து முனையில் எழுந்து நின்றுவிட்டேன்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடுகள் நிற்கும். நிழலும் அமைதியும் கிடைப்பதால் படகுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் அங்கேதான் என் டிபன் பாக்ஸைத் திறப்பேன். அன்று காலை படகின் முனையில் எழுந்து நின்ற என்னை யாராவது பார்த்திருந்தால், வாசலில் நிற்க வேண்டிய மூன்றாவது ஆள் என்று கையைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தியிருப்பார்கள்.

"ஏகாம்பரம் அண்ணே, கை வைக்காதீங்க" என்று கத்தினேன். இரண்டு டீசல் இன்ஜின் ஓடுகிற இடத்தில் என் குரல் எம்மாத்திரம்? இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். பலகை முன்னால் நின்ற ஏகாம்பரம் அண்ணன் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது. பதிலுக்குக் கையாட்டினார். ஆட்டிய கையாலேயே, இரண்டையும் ஒன்று சேர்க்கும் லீவரைப் பிடித்தார்.

அவர் அந்த லீவரை ஏன் பிடித்தார் என்பதைச் சொல்லிவிட்டு மீதியைச் சொல்கிறேன். "உருப்படியாக ஒரு வேலையாவது செய்தது உண்டா?" என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எனக்கு எழுதிக் கேட்டிருந்தார். அவருக்கு இந்த வாரமும் ஏமாற்றம்தான்.

பெண்கள் கேட்டு வாங்கிய குளம்

அப்போது நான் பொன்னேரியில் ஒரு ஜெனரேட்டர் கடையில் இருந்தேன். டிப்ளமோ படித்தவன் என்பதால் குப்பங்களில் என்னை 'இன்ஜினீர் தம்பி' என்பார்கள். கடையில் 'டேய்' என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தேன்.

பழவேற்காடு ஏரிக்கு நடுவே படகில்தான் போய்ச் சேர வேண்டிய ஒரு குப்பம். பெயர் வேண்டாம், என்னை மறந்திருப்பார்கள், ஞாபகப்படுத்துவானேன். அங்கே ஊருக்குப் பொதுவாக ஒரு பெரிய இறால் குளம். ஆண்கள் நடத்திப் பார்த்தார்கள். ஒரு தடவை நோய், ஒரு தடவை வெள்ளம். கைவிட்டார்கள். வெளியூர் ஆள் ஒருவர் அதைக் குத்தகைக்குக் கேட்டு வந்துபோய்க்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் தேசம்மா கூட்டத்தில் எழுந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்து வளர்ந்தவள். குளத்தை எங்களிடம் கொடுங்கள், பெண்களே நடத்துகிறோம் என்று கேட்டாள். ஊர்த் தலைவர் அவளுக்குத் தாய்மாமன். அவராலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் ஒரு வாக்கு கொடுத்தார். ஒரே ஒரு போகம். இறால் உயிரோடு வலைக்கு வந்தால் குளம் என்றைக்கும் பெண்களுக்கு. செத்து மிதந்தால் அன்றைக்கே வெளியூர்க்காரருக்கு.

தேசம்மா சரி என்றாள். அத்தனை பெண்களும் சேர்ந்து ஒரு போகத்துக்கான இறால் குஞ்சுகளை அந்தக் குளத்துக்குள் இறக்கினார்கள்.

குளத்துக்கு உயிர் கொடுப்பது ஏரித் தண்ணீரை இறைத்துவிடும் பம்ப். நாற்பது குதிரை சக்தி மோட்டார். கரண்ட் போய்விட்டால் தண்ணீர் மாறாது, இறாலுக்கு மூச்சு முட்டும். அதற்காகத்தான் ஜெனரேட்டர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் சொன்ன அருமையான உதாரணம்

மீன் ஏலம் போடும் கொட்டகையில் கூட்டம். நான் நூற்றிருபத்தைந்து கேவிஏ சக்தியுள்ள ஜெனரேட்டர் வேண்டும் என்றேன். கொட்டகை அப்படியே அடங்கிப்போனது. ஏலம் இல்லாத நாளில்கூட அவ்வளவு அமைதியை அந்தக் கொட்டகை பார்த்திருக்காது.

தலைவர் விவரமானவர். மோட்டார் ஓடுவதற்கு எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார். நாற்பது சொச்சம் என்றேன். அப்படியானால் ஐம்பது போதாதா என்றார். ஓடுவதற்குப் போதும், எழுந்து நிற்பதற்குப் போதாது என்றேன். நின்ற இடத்திலிருந்து சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகள் மட்டும் மோட்டார் ஆறு மடங்கு கரண்ட் குடிக்கும், சின்ன ஜெனரேட்டர் திணறிவிடும், வோல்டேஜ் படுத்துவிடும், ஸ்டார்ட்டர் கையை விட்டுவிடும் என்று கல்லூரியில் எனக்குச் சொன்னதை எல்லாம் சொன்னேன். ஒரு முகத்திலும் வெளிச்சம் இல்லை. எனக்கே என் பேச்சில் நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது.

அப்போதுதான் கரையில் ஒரு படகைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மணலில் கிடக்கும் படகை அசைக்க ஏழெட்டுப் பேர் தோள் கொடுத்து ஐலசா போட்டார்கள். படகு மிதந்ததும் இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள். மற்றவர்கள் கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள்.

விட்டேனா? எழுந்து நின்று கையை நீட்டினேன். "அதோ பாருங்க. படகை ஓட்ட ரெண்டு பேர் போதும். தள்ளி இறக்க எத்தனை பேர் வேணும்? மோட்டாரும் அப்படித்தான்."

கொட்டகையே தலையாட்டியது. ஏகாம்பரம் அண்ணன் தொடையைத் தட்டினார். இவர் தேசம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், பம்ப் ஓட்டுகிறவர், முன்பு படகு இன்ஜின் மெக்கானிக். "தெளிவாச் சொன்ன நைனா, இப்டி சொன்னாத்தான புரியுது" என்றார். என் வாழ்க்கையில் நான் சொல்லி ஒரு கூட்டத்துக்கே புரிந்தது அதுதான் முதல் தடவை. அன்று திரும்பும் படகில் எனக்குள் ஒரு பேராசிரியர் உட்கார்ந்திருந்தார்.

மறு வாரம் போனேன். ஐம்பது கேவிஏ வாங்கியிருந்தார்கள்.

என்ன அநியாயம் இது என்று தலைவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, நீதான சொன்ன? தள்ளுறதுக்குத்தான் ஏழெட்டுப் பேரு. அதுக்குன்னு அத்தினி பேரையும் படகுலயே ஏத்தி வச்சுக்கினு சோறு போடுவாங்களா? தள்ளுற அன்னிக்குக் கூப்பிட்டுக்க வேண்டியதுதான்."

அதில் நியாயம் இருந்தது. கரையில் யாரும் தள்ளுகிற ஆட்களை வீட்டில் வைத்து வளர்ப்பதில்லை. படகு இறங்கும் நேரத்தில் போகிற வருகிறவனெல்லாம் வந்து தோள் கொடுப்பான். அது அந்த ஊர் வழக்கம். ஆனால் ஜெனரேட்டரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. அவர்கள் யோசித்துவிட்டார்கள்.

சத்தம்

ஐப்பசியோ கார்த்திகையோ, காற்றடித்துக் கம்பங்கள் சாய்ந்தன. காற்று நின்ற பிறகு வானம் மூடிக்கொண்டு, ஒரு இலை அசையாமல் இரண்டு நாள். கரண்ட் இல்லை. குளத்துத் தண்ணீர் நிறம் மாறிவிட்டது, இன்று ஜெனரேட்டரில் பம்ப் போடப்போகிறோம் என்று படகுக்காரர் ஒருவர் மூலம் சேதி வந்தது. ஐம்பதை வைத்துக்கொண்டு எப்படிப் போடுவார்கள் என்று எனக்கு ஆச்சரியம். வேடிக்கை பார்க்கத்தான் புறப்பட்டேன். திருப்பாலைவனம் வழியாக வந்த பஸ்ஸில் தூங்கிக்கூட வழிந்தேன்.

அந்த லீவரைப் பிடித்தார் என்றேன் அல்லவா, மேலே தள்ளினார்.

இரண்டு ஜெனரேட்டர்களை ஒன்றாக இணைப்பது உலகத்தில் உண்டு. அதற்கு இரண்டும் ஒரே தாளத்தில் சுற்ற வேண்டும், ஒன்றின் அலை ஏறும் நொடியில் மற்றதன் அலையும் ஏற வேண்டும். தாளம் தப்பிய இரண்டை இணைத்தால் அவை சேர்ந்து தள்ளாது. ஒன்றை ஒன்று கழுத்தைப் பிடித்துத் திருகும்.

திருகின.

வெடிதான். பலகையில் நீலமாக ஒரு வெளிச்சம். சந்தனம் வைத்த கல்யாண ஜெனரேட்டர் நின்ற இடத்திலிருந்து எம்பியது. ஆமாம், எம்பியது, என் கண்ணால் பார்த்தேன். ஒன்றரை முழம் தள்ளி உட்கார்ந்து, உள்ளே இரும்பு உடையும் சத்தத்தோடு வாயை மூடிக்கொண்டது. ஏரியில் நின்ற பறவை எல்லாம் ஒன்றாக எழுந்தது. நானும் எகிறியிருக்க வேண்டும், படகிலிருந்து தண்ணீருக்குள் விழுந்தேன். ஆழம் முழங்கால் அளவுதான். ஆனால் மூழ்குகிறவனைப் போலத்தான் கையைக் காலை உதைத்தேன் என்று படகுக்காரர் பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

ஏகாம்பரம் அண்ணன் சேற்றில் உட்கார்ந்திருந்தார். காயம் இல்லை. புருவம் மட்டும் இல்லை. கையில் லீவரின் பிடி தனியாக இருந்தது.

நான் சொட்டச் சொட்ட அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். இரண்டும் ஒரே தாளத்தில் இல்லாமல் சேர்த்தால் இப்படித்தான் அண்ணே ஆகும் என்று மெல்லச் சொன்னேன்.

"தாளமா?" என்றார். "அத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? நாங்க ஐலசா போடாம எப்பனா படகைத் தள்ளிப் பார்த்துக்கிறியா நீ?"

உதாரணத்தில் நான் விட்டது அந்த ஐலசாவைத்தான்.

வாய் திறந்த குளம்

அதற்குள் தேசம்மா வந்துவிட்டாள். அண்ணனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததும் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு என்னிடம், "வா, வந்து பாரு" என்றாள்.

குளத்துக் கரை ஓரமெல்லாம் சின்னச் சின்னதாக மீசைகள். ஆயிரக்கணக்கில். அடியில் கிடக்க வேண்டிய இறால் மூச்சுக்கு மேலே வந்து, தண்ணீரின் விளிம்பில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றது. காக்கைகளுக்கு அவசரமே இல்லை. நடந்து வந்து கொத்திக்கொண்டு நடந்து போயின. பெண்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, அன்னக்கூடையால் தண்ணீரை வாரி வாரி மேலே எறிந்துகொண்டிருந்தார்கள். ஏரியைக் கரண்டியால் கலக்குகிற மாதிரி. அப்படியும் ஒருத்திகூட நிறுத்தவில்லை.

சற்று முன் வெடித்ததைவிட இந்தச் சத்தமில்லாத மீசைகள்தான் என்னை உலுக்கின.

தலைவர் கரையில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை. முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். சாயங்காலத்துக்குள் மிதந்துவிடும் போலிருக்கிறதே என்றார். வாக்கு வாக்குதான் என்றும் சொன்னார். தேசம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தம்பி, அந்த ஒண்ணு உயிரோட கீதா?" என்று என்னைத்தான் கேட்டாள்.

போய்ப் பார்த்தேன். குப்பத்து ஐம்பது தப்பித்திருந்தது. அதன் பிரேக்கர் சுவிட்ச் சரியான நேரத்தில் விழுந்து அதைக் காப்பாற்றியிருந்தது. ஓடும். ஆனால் மோட்டாரைத் தூக்கி நிறுத்தாது. ஆகாது அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பயத்தில் மூளை வேலை செய்யும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

குச்சி

ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரில் தூங்கும் மோட்டாரைத் திடீரென்று கட்டினால்தான் ஆறு மடங்கு. இரண்டும் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கட்டிவிட்டால்? இன்ஜின் மெதுவாக எழும்போது கரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிறக்கும். மோட்டாரும் அதன் கூடவே சோம்பல் முறித்து எழுந்துவிடும். எங்கள் கடையில் ஒரு தடவை வேறு வழி இல்லாமல் செய்து பார்த்தார்கள் என்று கேள்வி. கேள்விதான், கண்ணால் பார்த்ததில்லை. வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். வீட்டில் நாற்பது குதிரை மோட்டார் வைத்திருப்பவர்கள் குறிப்பாக.

பம்பின் வால்வை இறுக மூடச் சொன்னேன், மோட்டாருக்குத் தண்ணீர்ச் சுமை தெரியக் கூடாது என்று. ஒரு சிக்கல் பாக்கி. கரண்ட் முழுசாக வரும்வரை ஸ்டார்ட்டர் தானாகப் பிடிக்காது. அதுவரை யாராவது அதை ஒரு காய்ந்த குச்சியால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

ஏகாம்பரம் அண்ணன் துடுப்பிலிருந்து உடைந்த ஒரு துண்டைக் கொண்டுவந்தார். நான் அவரிடமே நீட்டினேன்.

"ஷாக் அடிக்குமா?" என்றார்.

"அடிக்காதுண்ணே. காய்ஞ்ச மரம்."

"அப்போ நீயே புடி."

பிடித்தேன். சட்டை பேண்ட்டெல்லாம் ஈரம், கால்சட்டைப் பையில் ஏரித் தண்ணீர். வேறு ஒருவருடைய லுங்கியும் ரப்பர் செருப்பும் கொடுத்து, ஒரு பலகை மேல் ஏற்றி நிறுத்தினார்கள். புருவம் இல்லாத மனிதர் இன்ஜினுக்கு, பயத்தில் பல் ஆடுகிற மனிதர் ஸ்டார்ட்டருக்கு. தேசம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, கும்பிட ஆரம்பித்த கையைப் பாதியில் இறக்கிவிட்டாள். தெய்வத்தை எதற்கு இதில் மாட்டிவிடுவது என்று நினைத்திருப்பாள்.

இன்ஜின் இருமியது. பிடித்தது. ஏகாம்பரம் அண்ணன் எண்ணெயைக் குறைத்து மெதுவாக ஓட்டினார். மோட்டாரிலிருந்து ஒரு உறுமல். சுற்றவில்லை. குச்சி வழியாக அந்த உறுமல் என் தோள்வரை ஏறியது. இன்னும் கொஞ்சம் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். மோட்டாரின் தண்டு ஒரு திரும்பு திரும்பியது. நின்றது. மறுபடி திரும்பியது. பிறகு நிற்கவில்லை.

இன்ஜின் ஏற ஏற மோட்டாரும் ஏறியது. மீட்டர் முள் நடுங்கிக்கொண்டே மேலே போனது. 'டக்' என்று ஸ்டார்ட்டர் தானாகப் பிடித்துக்கொண்டது. குச்சியை எடுத்துவிட்டேன். உடம்பு அழுத்துவதை நிறுத்தவில்லை, சும்மா காற்றை அழுத்திக்கொண்டு நின்றேன். வால்வைத் திறந்தார்கள். குழாய் இரண்டு முறை கக்கியது. மூன்றாவது முறை, ஒரு ஆள் பருமனுக்குத் தண்ணீர் வந்து குளத்தில் விழுந்தது.

யாரும் கத்தவில்லை. கூடையோடு நின்ற பெண்கள் அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார்கள்.

நான்தான் கொஞ்சம் அழுதேன். டீசல் புகை என்று சொன்னேன்.

நிறுத்தக் கூடாது

எல்லாம் முடிந்தது, வேலை பார்த்த களைப்பில் ஊருக்குக் கிளம்பலாம் என்று பையைத் தேடினேன். பையைக் காணவில்லை. தேசம்மாவின் இடுப்பில் இருந்தது.

இது நின்றுபோனால் திரும்ப எழுப்ப முடியுமா என்று கேட்டாள். சொல்ல முடியாது அக்கா, ஒரு தடவை எழுந்ததே பெரிசு என்றேன். அப்படியானால் நிற்கவே கூடாது, நீயும் போகக் கூடாது என்றாள். ஓடுவதற்கு ஐம்பது தாராளம், எழுவதற்குத்தான் போதாது என்று நான் கொட்டகையில் சொன்னதை அன்று சரியாகக் கேட்டிருந்தவள் அவள்தான் போலிருக்கிறது.

டீசல் கேன்களைப் பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கொண்டுவந்தார்கள். ஓடுகிற இன்ஜினின் டேங்க்கில் புடவைத் துணியால் வடிகட்டி ஊற்றினார்கள். அக்கரைக்குப் படகு போய்க் கேன் நிரப்பிக்கொண்டு வந்தது. எனக்குச் சோறும் மீன் குழம்பும் பம்புக்குப் பக்கத்திலேயே வந்தன. பொழுது போய்ப் பொழுது விடிந்தது. கரையோரத்து மீசைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிவிட்டிருந்தன. காக்கைகள் ஏமாந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தன.

மதியம் போலக் குப்பத்தில் ஒரே கூச்சல். தெருவிளக்கு எரிகிறது, கரண்ட் வந்துவிட்டது. நானும் சிரித்துக்கொண்டே போய் ஜெனரேட்டரை நிறுத்தும் லீவரில் கை வைத்தேன். தேசம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"இன்னா பண்ற?"

"கரண்ட் வந்துருச்சு அக்கா. இதை நிறுத்திட்டு லைன்ல போட்டுடலாம்."

"அது போவாதுன்னு நீ சொல்றியா?"

கம்பமெல்லாம் சரி செய்திருப்பார்கள், இனிமேல் போகாது என்று படித்தவனுக்கு உரிய தோரணையில் ஆரம்பித்தேன். வாக்கியம் பாதியில் இருக்கும்போதே குப்பத்தில் கூச்சல் அடங்கியது. திரும்பிப் பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது.

என் கை லீவரில்தான் இருந்தது. அந்தக் கையை எடுக்க எனக்கே பயமாக இருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைவர் வந்தார். புதுசாக இன்னொரு வெள்ளைச் சட்டை. குளத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், தொண்டையைச் சரிசெய்துகொண்டார். வாக்கைப் பற்றித்தான் ஏதோ சொல்ல வந்தார் என்று நினைக்கிறேன். வெளியூர்க்காரர் கேட்டு அனுப்பியிருக்கிறார் என்று வரும் வழியிலேயே யாரிடமோ சொல்லியிருந்தாராம்.

"மாமா, பேச்சு அப்பால வச்சுக்கலாம்" என்றாள் தேசம்மா. "டேங்க்கு காலியாவுது. கைல தெம்பு இல்ல எங்களுக்கு. இத்தப் புடி."

கேனை அவர் மார்போடு வைத்து அழுத்தினாள். விட்டால் கீழே விழும், பிடித்தே ஆக வேண்டும். பிடித்தார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் அவரையே பார்த்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் ஆகாயத்தைப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வடிகட்டும் துணியை இடது கையால் இழுத்துப் பிடித்து, ஒரு சொட்டு கீழே சிந்தாமல் ஊற்ற ஆரம்பித்தார். சிந்தியதெல்லாம் சட்டை மேல்தான்.

காலிக் கேனைக் கீழே வைத்தார். முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தேசம்மா பக்கம் திரும்பினார்.

"அடுத்த கேன் எங்கம்மா?" என்றார்.